அப்பா விற்காத டிக்கெட்

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஓர் ஆள் மட்டும்தான். அவர் என் அப்பா. ஓர் அறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அப்பாவின் கெட்ட நேரம், ஊரில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் அம்மாவுக்குச் சொந்தம்.

சொந்தக்காரனிடம் யார் டிக்கெட் எடுப்பார்கள்? ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன மாப்ள, சாப்டாச்சா?" என்பார்கள். ரயிலேறிவிடுவார்கள். அப்பாவுக்குக் கேட்க வாய் வராது. தினமும் டிக்கெட்டோடு ஏறியது நான் ஒருத்திதான். டவுனில் நர்சிங் படித்தேன். அந்தக் காலை ரயில் இல்லையென்றால் என் படிப்பும் இல்லை.

டிக்கெட் விற்காத ஸ்டேஷன்களை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். முந்தின நாள் அப்பா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார்.

"நாளைக்கு ஒரு நாளாவது ஆளுக்கொரு டிக்கெட் எடுங்க. எம் பொண்ணு படிப்பே இதுலதான் இருக்கு."

"அத எங்கிட்ட விடு மாப்ள. ஊரையே கொண்டாந்து நிறுத்துறேன்," என்றார் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா.

நிறுத்தவும் செய்தார். எல்லோரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை.

"தினமும் இதே கூட்டந்தாங்க," என்றார் மாமா பெருமையாக.

அதிகாரி ஜன்னலுக்கு வந்து, இன்று எத்தனை டிக்கெட் விற்றது என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஒன்று என்றார். அது என் கையில் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து ரயில் நிற்கவில்லை. மெயின் ரோட்டு பஸ்ஸைப் பிடித்துப் போனால் பாதி வகுப்பு முடிந்திருக்கும். படிப்பை விட்டேன். "ஒரு ஸ்டேஷனக் காப்பாத்தத் துப்பில்ல" என்று அப்பாவைத்தான் ஊர் ஏசியது. முதலில் ஏசியவர் பெரிய மாமா. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஜன்னல் கம்பியைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அறையில் இப்போது ஆடுகள் படுக்கின்றன.

போன வாரம் அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் பெரிய மாமா. கண்டக்டர் வெளியூர்க்காரர். அவர் கேட்பதற்கு முன்பே மாமா பணத்தை நீட்டினார். எங்களைப் பார்த்ததும், "அவங்க ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுங்க," என்றார்.

அப்பா டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத அன்னைக்கு எடுத்திருக்கலாம், மச்சான்."

மாமா ரோட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, "அப்புறம் மாப்ள, சாப்டாச்சா?" என்றார்.