குறைந்தது இருவர்

முதுகுப் பையில் பதினோரு கிலோ பிளாஸ்டர் மாவு. ஆறு மாடியும் ஏறி முடித்ததும் மொட்டைமாடிக் கதவில் சாய்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணுகிறார் பல்செட் அக்கா. நூற்றிருபது. போன வாரம் நூற்றிருபத்தாறு. இறங்கி மறுபடியும் முதலிலிருந்து ஏறுகிறார். லிஃப்டில் போகும் கீழ்வீட்டுக்காரர், "வீடு மாத்துறீங்களா மேடம்?" என்று தினமும் கேட்கிறார். "இல்ல சார், மலைக்குப் போறேன்" என்று இவரும் தினமும் சொல்கிறார். அவர் அதை ஒருநாளும் நம்பியதில்லை.

வயது ஐம்பத்துநான்கு. ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பது வருடமாகப் பல்செட் செய்கிறார். நோயாளிகள் முன்னறையோடு சரி. அவர்களுடைய வாயின் அச்சு மட்டும் ஒரு தட்டில் இவரிடம் வரும். தெருவில் யாராவது சிரித்தால் இவருக்கு முகம் தெரியாது, பல் தெரியும். "மேல் வரிசை நம்மளது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடந்துபோவார்.

இமயமலையில், வண்டிப்பாதை முடிந்தபிறகும் பன்னிரண்டு நாள் நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு. ஏன் அங்கே என்று கேட்டால், "சும்மா, போய் ஒரு நாள் உக்காந்துட்டு வரணும்" என்பார். மூன்று வருடத் திட்டம். எல்லாம் பல்செட் ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்விட்டுப் படிப்பார்: "அஞ்சாம் நாள் நாம கணவாயத் தாண்டிடுவோம். தலைவலி வரும், பயந்துடக் கூடாது." அறையில் வேறு யாரும் இருப்பதில்லை. பூட்ஸைக் காய்கறிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போயே பழக்கியாயிற்று. முழங்கால் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டதால், போனால் இந்த வருடம் போக வேண்டும்.

எல்லாம் தயாரான பிறகுதான் அனுமதிக்காகப் பயண ஏற்பாட்டாளரிடம் போனார். பந்தல் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடிய கதை.

"தனி ஆளுக்குத் தர மாட்டாங்கம்மா. குறைஞ்சது ரெண்டு பேர் வேணும்."

எத்தனை ஜோடி சாக்ஸ் என்பதுவரை எழுதி வைத்திருந்த திட்டத்தில் இந்த ஒரு வரி இல்லை. எதையும் தனியாகவே செய்து பழகியவருக்கு அப்படி ஒரு விதி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அப்புறம் ஆள் பிடிக்கும் படலம். போனில் அக்காள்காரி, "ஏன்டி, இந்த முழங்கால வச்சுகிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?" என்று வைத்துவிட்டாள். மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண், "சத்தியமா வர்றேன்க்கா" என்றாள். உடனே அவளுடைய பூட்ஸ் அளவைக் குறித்துக்கொண்டார். பத்தாம் நாள், "பையனுக்குப் பரீட்சைக்கா" என்று வந்து நின்றாள். "பரவால்லம்மா, படிப்புதானே முக்கியம்" என்று அனுப்பிவிட்டு, கையிலிருந்த பல்செட்டில் ஒரே பல்லை அரைமணி நேரம் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்கப் போனவர், கதவு திறந்ததும் கொஞ்சம் உப்பு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்குமேல் கேட்க ஆளில்லை. ஐம்பத்துநான்கு வருடத்துக்கு மூன்றே பேர் என்பதுதான் மலையைவிட மலைப்பாக இருந்தது.

நேற்று ஏற்பாட்டாளரே கூப்பிட்டார். "உங்கள மாதிரியே ஒரு அம்மா. வேற ஊரு. நாலு மாசமா துணை கிடைக்காம இருக்காங்க. ரெண்டு பேரையும் ஒரே விண்ணப்பத்துல போட்டா அனுமதி வந்துடும். ஆனா அவங்க ஒரு வாரம் முன்னாடியே ஏறிடுவாங்க. நீங்க பாத்துக்கவே மாட்டீங்க."

"அப்ப பேருக்குத்தான் துணை?"

"பேருக்குத்தான்மா."

இன்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் இவர் புகைப்படத்துக்குப் பக்கத்தில், தடித்த கண்ணாடி போட்ட ஒரு முகம். "குளிர் தாங்குவாங்களா இவங்க?" என்று கேட்கிறார். ஏற்பாட்டாளருக்குத் தெரியவில்லை. கடைசிக் கட்டம்: உடன் பயணிப்பவர் என்ன உறவு.

"ஏதாவது எழுதுங்கம்மா. அத யாரும் பாக்க மாட்டாங்க."

பேனாவைத் திறந்து, அந்தக் கண்ணாடி முகத்தை இன்னொரு தரம் பார்க்கிறார். பிறகு, பரீட்சை எழுதும் பிள்ளையைப்போல் இடது கையால் அந்தக் கட்டத்தை மறைத்துக்கொண்டு, 'தோழி' என்று மெதுவாக எழுதுகிறார். ஏற்பாட்டாளர் தாளுக்குக் கை நீட்டியும், மறைத்த கையை எடுக்கவில்லை.