வெண்தண்டு முள்பற்றை

கனடாவின் விட்பி நகரில் எங்கள் தெருவில் கார்த்திகை பிறந்தால் காற்றடைத்த பிளாஸ்ரிக் பனிமனிதர்கள் எழுந்து நிற்பார்கள். பகலில் மின்சாரத்தை நிறுத்தியதும் புல்தரையில் சுருண்டு கிடப்பார்கள். குளிர்காலத்துக்கு இதைவிட மரியாதையான முகம் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தேன். சூழலியல் படித்தவர்கள் தீர்மானிப்பதில் குறை வைப்பதில்லை.

இலையுதிர்ந்த பின் தண்டெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து நிற்கும் அலங்கார முள்பற்றை ஒன்றைத் தேர்ந்தேன். நடுமுன் விளைவுகளை எடைபோட்டேன். வேர் அயல்வீட்டுக்கு ஓடாதபடி மண்ணுக்குள் தடுப்பு இறக்கினேன். பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் முள் கொழுவாதபடி நடைபாதையிலிருந்து தள்ளி நட்டேன். அப்பாவுக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"ஊரில ஆடு மாடு வராமல் முள்ளால வேலி அடைச்சனாங்கள். இஞ்ச ஆர் மேய வருவினம்?"

இரண்டாவது குளிர்காலத்தில் பற்றை முழுதாக வெளுத்தது. தெருவின் தோட்டக் குழுவினரை ஒரு சனிக்கிழமை பார்வையிட அழைத்தேன். பனிமனிதப் பொம்மைகளையும் அலங்கார விளக்குகளையும் கைவிட அவர்களை இணங்கவைப்பதே நோக்கம். அதற்கு ஓர் உரையும் ஆயத்தம்.

அன்று காலை கோப்பி வாங்கித் திரும்பியபோது அம்மா, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கரைத்த சுடுநீர் வாளியும் துணியுமாக பற்றைக்குள் குனிந்திருந்தார். வெண்மை முழுவதும் துணியோடு போயிருந்தது. மண்ணிறக் கம்புகள் மிஞ்சின.

"கறிவேப்பிலைக்கு வந்த அதே வெள்ளைப் பூச்சிதான். ஆக்கள் வரேக்க வருத்தம் பிடிச்ச கண்டையோ காட்டுறது?"

வரவேற்பறையில் குளிர்காயும் கறிவேப்பிலைச் சாடிக்கு ஆண்டுதோறும் இதே வைத்தியம் நடக்கும். அது பிழைத்தும் விடும். ஆகையால் அவருக்கு ஐயமேதும் இல்லை. அது நோயன்று, தண்டில் இயல்பாகப் படியும் மெழுகு என்று விளக்கினேன்.

"மெழுகோ? அப்ப துடைச்சது நல்லதாப் போச்சு," என்று சொல்லி, கடைசியாக ஒரு வாளி வெறும் தண்ணீரையும் ஊற்றினார்.

குழுவினர் வருமுன் தண்ணீர் பற்றையிலேயே உறைந்துவிட்டது. முள்ளுக்கு முள் கண்ணாடி. இதை எப்படிச் செய்தீர்கள் என்று அவர்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வாளியைக் காட்டினார். தண்டின் நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் உரையைத் தொடங்கி மின்சார விரயம்வரை வந்தபோது குழுத் தலைவி பற்றையின் அடியைக் காட்டி, இங்கே ஒரு நீல விளக்கு வைத்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

விளக்கு எரிகிறது. அப்பா வயர் இழுத்துக் கொடுத்தார். உறைகுளிர் அறிவிக்கப்படும் நாள்களில் அம்மா வாளியோடு ஆயத்தமாக நிற்கிறார். பனிமனிதர்களில் ஒருவரும் குறையவில்லை.