சத்தம் இல்லாமல் ஆட வராது

ஐந்து வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் கேரம் போட்டி நடந்தது. கோப்பைக்கான போட்டி இல்லை, வேலைக்கான போட்டி. ஒரு பெரிய நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்கள் கேரம் அணிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டே இடம். இறுதிப் போட்டிக்குப் போகிற இரண்டு பேருக்கும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அதாவது அரையிறுதியில் ஜெயித்துவிட்டால் போதும். நான் அரையிறுதி வரை வந்துவிட்டேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எத்தனை போட்டிக்குத்தான் காய்ச்சல் என்று பொய் சொல்வது? வீட்டிலும் பொறுமை தீர்ந்துவிட்டது. "இந்த தபா கெடைக்கலன்னா ஸ்டிரைக்கர பரண் மேல போட்டுட்டு கல்யாணத்துக்கு ரெடியாவு" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். கல்யாணம்கூடப் பரவாயில்லை. அந்தப் பரண் என்ற சொல்தான் என்னவோ செய்தது.

நான் கேரம் கற்றுக்கொண்ட இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் கீழே, அதே எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல் ஒரு தகரக் கொட்டகை. கன்டெய்னர் லாரி போனால் போர்டுக்கு மேலே தொங்கும் பல்பு ஆடும். அதோடு எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்ததும் சுற்றி நிற்பவர்கள் கலாய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். போர்டைத் தொடக் கூடாது, அம்மாவை இழுக்கக் கூடாது, மற்றபடி எதுவும் சொல்லலாம். "போய்டும், போய்டும்" என்பார்கள். "கை நடுங்குது பாரு" என்பார்கள். எங்கள் அண்ணியின் பாணியே தனி. அண்ணனைக் கல்யாணம் பண்ணி வந்த பிறகுதான் அண்ணி கேரம் ஆடவே ஆரம்பித்தார். கலாய்ப்பதில் மட்டும் ஒரே மாதத்தில் எல்லோரையும் முந்திவிட்டார். நாம் சுண்டப் போகிற அந்த நொடியில், ரொம்ப அக்கறையாக, "இன்னிக்கி வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்பார். பதில் மனதில் ஓடிவிடும், காய் தப்பிவிடும். இதையெல்லாம் தாங்கி ஆடி ஆடித்தான் நான் ஆட்டக்காரி ஆனேன். எந்தக் கூச்சலிலும் என் கை ஆடாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் திமிர் இறங்கிவிட்டது. ஏசி ஓடியது. கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார்கள். பரீட்சை ஹாலில்கூட யாராவது பேனாவைக் கீழே போடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. கூட வந்திருந்த அண்ணி என் காதில், "இன்னாடி இது, மூச்சு உட்டா கூட வெளிய அனுப்பிடுவாங்க போல கீதே" என்றார்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவள் ராயபுரத்துப் பெண். இருபது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. ஒவ்வொரு போர்டும், அதாவது ஒவ்வொரு சுற்றும், தொடங்கும்போது அதை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. இவளுக்கெல்லாம் பயமே கிடையாது போல என்று நினைத்தேன்.

முதல் செட்டில் இருபத்தைந்துக்கு ஆறு என்று தோற்றேன். பாக்கெட் வாயில் உட்கார்ந்திருந்த காயைக்கூட விட்டேன். நடந்தது இதுதான்: வெளியே யாரும் பேசவில்லை என்றதும் எனக்குள்ளே ஒரு குரல் பேச ஆரம்பித்துவிட்டது. 'இதோடு வயசு முடிஞ்சுது. திங்கட்கிழமை மறுபடியும் பில் புக். பரணில் எந்த மூலையில் போடுவாங்க?' ஸ்டிரைக்கரை வைக்கும் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. கொட்டகையில் யாராவது கலாய்த்தால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆடலாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் அண்ணியிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அண்ணி யோசித்துவிட்டு, "அவ்ளோதானே, நான் பாத்துக்கறேன். நீ பேஜாரு ஆவாத" என்றார். அவர் என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது செட் தொடங்கியது. நான் ஸ்டிரைக்கரை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு இருமல். அடுத்த முறை இரண்டு இருமல். மூன்றாவது முறை இருமலுக்கு நடுவே தெளிவாக "போய்டும்" என்று ஒரு சொல். நடுவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். யாருக்கு எதிராகச் சத்தம் போடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. தன்னோடு வந்த ஆட்டக்காரியையே கலாய்க்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் விதி விதிதான். அண்ணியை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அண்ணி கதவருகில் நின்று, "அவளுக்காகத்தான் சார் பண்ணேன்" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அடுத்த முறை நான் ஸ்டிரைக்கரை வைத்தபோது கை நிஜமாகவே நடுங்கியது. இப்படியே ஆடினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்தது. மானம் ஏற்கெனவே போயாயிற்று, இனி என்ன என்று நினைத்தேனோ என்னவோ, கையை எடுத்துவிட்டு நடுவரிடம் கேட்டேன்.

"சார், ஜன்னலைத் திறக்கலாமா?"

"எதுக்கும்மா?"

"சத்தம் இல்லன்னா எனக்கு ஆட வராது சார்."

அரங்கமே என்னைப் பார்த்தது. சத்தமாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்களைத்தான் நடுவர் பார்த்திருப்பார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, கடல் காற்று வந்தால் போர்டில் பவுடர் நிற்காது, எதிரில் ஆடுபவர் சம்மதித்தால் மட்டும் திறக்கலாம் என்றார். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. முதல் செட்டை ஜெயித்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் எதற்காகச் சம்மதிக்கப் போகிறாள்? நானாக இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "தொறங்க சார்" என்றாள்.

ஏசியை நிறுத்தினார்கள். சாலைப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் ஊழியர் ஒருவர் தள்ளித் திறந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு ஹாரன் இல்லை. ஒரு எஞ்சின் உறுமவில்லை. எட்டிப் பார்த்தால், துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையாக நின்றிருந்தன. எங்கேயோ முன்னால் அடைத்துக்கொண்டுவிட்டது. எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சாலையின் இரைச்சலில் வளர்ந்தவள் நான். நடுவரிடம் கெஞ்சி ஜன்னலைத் திறக்க வைத்த அன்றைக்குப் பார்த்து அது வாயை மூடிக்கொண்டது.

உள்ளே வந்தது வாசனை மட்டும்தான். லாரி நிழலில் யாரோ ஒரு ஓட்டுநர் பம்ப் ஸ்டவ்வில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அரங்கம் முழுக்க நிறைந்துவிட்டது.

எதிரே இருந்தவள் மூக்கை லேசாகச் சுருக்கினாள். "நெத்திலிக் கருவாடு" என்றாள், தனக்குத்தானே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. அவளைப் பார்த்தால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். நடுவர் "சைலன்ஸ்" என்று சொல்ல வாயெடுத்து, அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு ஸ்டிரைக்கரை வைத்தேன். கை என் கையாக இருந்தது.

உள்ளே பேசிய குரல் நின்றுவிட்டதா என்றால் இல்லை. அதே வயசு, அதே பரண். ஆனால் இப்போது அது கொட்டகையில் போர்டைச் சுற்றி நிற்கிற ஆட்களில் ஒருவரைப் போலத்தான் பட்டது. அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள், நாம் பாட்டுக்கு ஆட வேண்டியதுதான். இரண்டாவது செட்டை இருபத்தைந்துக்குப் பதினேழு என்று எடுத்தேன்.

மூன்றாவது செட், கடைசி போர்டு. நான் இருபத்தொன்று, அவள் இருபது. அவளுக்கு ஒரே ஒரு கறுப்புக் காய் மிச்சம், எனக்கு இரண்டு வெள்ளை. நடுவில் மூன்று புள்ளி மதிப்புள்ள ரெட். அவள் ரெட்டைப் போட்டாள். அதை உறுதி செய்ய அடுத்த அடியில் தன் காயையும் போட வேண்டும். விரல் அகல இடைவெளியில் தவறவிட்டாள். ரெட் மறுபடி நடுவுக்கு வந்தது. நான் ரெட்டைப் போட்டேன், அடுத்த அடியில் ஒரு வெள்ளையையும் போட்டேன். கடைசி வெள்ளை மட்டும் என் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. நேராக அடிக்க வழியில்லை. ஸ்டிரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திரும்பி வரும்போது தட்ட வேண்டும். பதினைந்து நொடிக்குள்.

குரல் சும்மா இருக்குமா? 'இது போனால் எல்லாம் போச்சு' என்று தொடங்கியது. நான் அதை எதிர்த்துச் சண்டை போடவில்லை. அண்ணி பக்கத்தில் நின்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன்: இன்னிக்கி வூட்ல இன்னா கொழம்பு? மனதுக்குள் பதில் சொன்னேன்: நெத்திலி. சுண்டிவிட்டேன்.

ஸ்டிரைக்கர் போய்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. காயை மெல்லத்தான் தொட்டது. காய் தயங்கித் தயங்கிப் போய் மூலையில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது. நான் துள்ளவில்லை, கத்தவில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். காலையிலிருந்து யாரோ என் கழுத்தில் உட்கார்ந்திருந்து இப்போதுதான் இறங்கிப் போனது போல இருந்தது. கதவின் கண்ணாடி வழியாக அண்ணி, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

எழுந்து அந்தப் பெண்ணிடம் கை கொடுத்தேன். அவள் விரல்கள் ஐஸ் போல இருந்தன. ஜன்னல் திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, வெளியே வெயில் கொளுத்தியது.

"காலைலர்ந்து வெரலு வெறச்சிகினு இருந்திச்சிக்கா" என்றாள். "ஏசிய கொறைங்கன்னு கேக்கலாம்னு பத்து தபா வாயெடுத்தேன். தோக்கறதுக்கு சாக்கு தேடறான்னு நெனப்பாங்களேன்னு உட்டுட்டேன். நீ கேட்டதும் எனக்கு உசுரே வந்திச்சி."

ஏசி நின்று இவ்வளவு நேரம் ஆகியும் விரல் சில்லிட்டிருந்தது குளிரால் மட்டும் இல்லை, பயத்தாலும்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. பயமே இல்லாதவள் என்று நான் எண்ணியிருந்தவள், அந்த விறைத்த விரல்களோடுதான் முதல் செட்டில் என்னைத் துவைத்து எடுத்திருக்கிறாள். என் வாய் சும்மா இருந்திருந்தால் இரண்டு பேருமே கடைசி வரை சொல்லாமல் ஆளுக்கொரு பக்கம் தவித்திருப்போம்.

இறுதிப் போட்டியில் நான் தோற்றேன். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வேலை கையில் இருந்தது. என் மனதை அரித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்தான். அவளுக்கு வயது இருக்கிறது, இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆள் எடுத்தபோது அவளும் தேர்வாகி எங்கள் அணிக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி முழுசாக வந்தது. இப்போது இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் இருவரும் ஜோடி.

இன்றும் முக்கியமான ஆட்டத்துக்கு முன் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதால், எவ்வளவு கடுகடுத்த முகமாக இருந்தாலும் ஒருமுறை அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் முதல் அடியை அடிக்கிறேன்.