ஆத்தப்பன் போட்ட பாஸ்வேர்ட்

அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் நடுவில் பனியன் கம்பெனி நடத்தும் ஆத்தப்பனுக்கு ரகசியம் என்றால் உயிர். மழை வரும் போலிருக்கிறது என்பதைக்கூட ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று தொடங்காமல் அவர் எந்தச் சேதியையும் சொன்னதில்லை. அப்படித் தொடங்கி அவர் சொல்லாமல் விட்ட சேதியும் கிடையாது.

சோளக்காட்டில் தகரக் கொட்டகை போட்டு, நாலு தையல் மிஷினோடு ஆரம்பித்தவர். உழைப்பாளி, அதில் குறை சொல்ல முடியாது. இப்போது டென்மார்க் குழந்தைகள் அவர் தைத்த உடுப்பில்தான் தூங்குகின்றன. டிசைன் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். டிசைன் எல்லாம் பிடித்தது, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அபிராமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்.

போன வருஷம் குழந்தை உடுப்பில் குடை பிடித்த ஆந்தை ஒன்றைப் போட்டார்கள். சரக்கு கப்பலேறும் முன்பே மச்சினன் தரணீதரன் கம்பெனியில் அதே ஆந்தை உட்கார்ந்திருந்தது. குடை மட்டும் மஞ்சள்.

"என்ற ஆந்தையத் திருடிப்போட்டானுங்க!" என்று ஆத்தப்பன் குதித்தார்.

கோயமுத்தூரிலிருந்து சாப்ட்வேர்க்காரர் ஒருவர் வந்தார். "இது டிஸ்க் மொத்தத்தையும் பூட்டிருமுங்க. பாஸ்வேர்ட் இல்லாமத் தொறந்தா வெறும் எழுத்துக் குப்பைதான் தெரியும். கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"போலீசு வந்தா?"

"முடியாதுங்க."

"என்ற மச்சினன் வந்தா?"

"அவராலயும் முடியாதுங்க."

ஆத்தப்பன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போனுக்கும் ஒரு ஏற்பாடு ஆயிற்று. அனுப்பிய செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது. மறுநாள் அது தானாக அழிந்தும் போகும். சரக்கு வாங்கும் டென்மார்க்காரன் அனுப்பிய சட்டைக் கை நீளமும் அப்படி ஒருநாள் அழிந்துபோனது. அபிராமி அசடு வழிந்துகொண்டு மறுபடி கேட்டு வாங்கினாள்.

பாஸ்வேர்டை முதலாளியே போட்டார். அடுத்த நாள் அவர் துணி பின்னும் நிட்டிங் ஹாலில் நிற்கும்போது கம்ப்யூட்டர் அதைக் கேட்டது. அபிராமி போன் செய்தாள். மிஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆத்தப்பன் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "பெரிய பி! அப்பறம் எங்கம்மா பேரு, பழனாயி! ஒரு ஸ்டாரு! எழுபத்தியொண்ணு!"

சாயங்காலத்துக்குள் ஹாலில் வேலை செய்யும் பீகார் பையன்கள் அதற்கு மெட்டுப் போட்டுவிட்டார்கள்.

அடுத்து வந்தது சைக்கிள் ஓட்டும் ஆமை. பூட்டிய டிஸ்க்கில் பத்திரமாக இருந்த ஆமை, இரண்டே வாரத்தில் தரணீதரன் கம்பெனிச் சாம்பிளில் பெடல் மிதித்துக்கொண்டிருந்தது.

ஆத்தப்பன் அபிராமியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏனம்மிணி, பாஸ்வேர்ட் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் உனக்கும். நான் சொல்லுல."

"ரெண்டு பேருக்கா? நிட்டிங் ஹால்ல போய்க் கேளுங்க சார், பாட்டாவே படிப்பாங்க."

"பேச்ச மாத்தாத. என்ற மச்சினன் உனக்கு என்ன தர்றேன்னான்?"

அபிராமி போய்ச் சாத்திய கதவைத் திறந்தாள். "களவாணின்னு சொன்ன எடத்துல நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திருடியை விரட்டிய திருப்தியில் ஆத்தப்பன் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

அந்த மாதமே உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் தரணீதரனுக்குப் பக்கத்து இலை கிடைத்தது. ஆத்தப்பனால் அடக்க முடியவில்லை. "மாப்ள, உன்ற வேவுகாரி மாட்டிக்கிட்டா. அபிராமியத் தொரத்தி உட்டுட்டேன். ஆந்தையும் ஆமையும் போட்ட புள்ளையே உனக்குக் காட்டிக் குடுத்தா, நான் என்னத்தச் செய்யறது?"

தரணீதரன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "அந்தப் புள்ளை யாருன்னே எனக்குத் தெரியாதுங்க மச்சா. ஆமைய நீங்கதானே காட்டுனீங்க? அவிநாசித் தேரன்னைக்கு, யாருகிட்டயும் சொல்லிப்போடாதேன்னு போனை நீட்டுனீங்க. நல்லாருக்கே, அனுப்புங்கன்னேன். அங்கயே நின்னு அனுப்புனீங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. ஆந்தைய எங்க தோட்டத்துக் கெடாவெட்டுல காட்டுனீங்க."

ஆத்தப்பன் இடது கையால் போனைத் துழாவிப் பார்த்தார். அனுப்பியதற்கான அடையாளமே இல்லை. சாப்ட்வேர் சொன்னபடி, மறுநாளே சுத்தமாக அழித்திருந்தது. பாயசம் வந்தபோது வேண்டாமென்று இலையை மூடிவிட்டார்.

தரணீதரனோ இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். பிறகு, "டிசைன் எல்லாம் அந்தப் புள்ளைதான் போடுதுங்களா மச்சா?" என்று சாவகாசமாகக் கேட்டார்.

அன்றிரவு யோசித்து யோசித்து, ஆத்தப்பன் மறுநாள் காலையில் அபிராமிக்குப் போன் செய்தார். "ஏதோ கோவத்துல சொல்லிப்போட்டேன் கண்ணு. வந்துரு."

"இல்லீங்க சார்," என்றாள் அவள், கொங்கு மரியாதை குறையாமல். "தரணீதரன் சார் நேத்தே வீடு தேடி வந்துட்டாங்க. திங்கக்கிழமை சேர்றேன்."

டென்மார்க்காரனும் அவள் பின்னாலேயே போனான். ஆத்தப்பன் கம்பெனியில் இப்போது கைவைத்த வெள்ளைப் பனியன் தைக்கிறார்கள். சாப்ட்வேர்க்காரர் அந்தப் பூட்டைப் புதுப்பிக்க வந்தபோது ஆத்தப்பன் மறுபேச்சில்லாமல் சரி என்றார். வெளியே ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பனியன் அளவுகளையும் பூட்டிவிடச் சொன்னார்.