மேசை எங்கிருந்து வந்தது

வரதராஜன்பேட்டை தெரசம்மாள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் கணவர் சவரிமுத்து வாத்தியார் வீட்டிலேயே நடத்திய தமிழ் டியூஷனை முப்பது வருஷம், முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். வாத்தியாருக்குப் பிடித்த பாடம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள். நாலு கால் இருந்தால் நாற்காலி, மூன்று இருந்தால் முக்காலி. மேசையும் அலமாரியும் மட்டும் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த சொற்கள். இதைச் சொல்லும்போது வாத்தியாரின் குரல் தானாகவே உயரும்.

போன பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பித்தன, பேச்சு குழறிப்போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க அரியலூரிலிருந்து வந்த சண்முகப்பிரியா, சாமான்களின் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தாள்.

"தினம் பேச வைங்கம்மா. வாயத் தொறக்காம வுட்டுட்டா அப்படியே நின்னுடும்."

அடுத்த வாரம் பழைய மாணவன் ராஜதுரை பார்க்க வந்தான். வாத்தியார் நாற்காலியைக் காட்டி, "சாப்பிடு, சாப்பிடு" என்றார். ராஜதுரை சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். சிரித்திருந்தால்கூடத் தேவலை. அன்றோடு வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

பதினோரு நாள். தெரசம்மாள் கெஞ்சினார், அதட்டினார், மாதாவிடம் அழுதார். பன்னிரண்டாம் நாள் காலை பருப்புத் தட்டோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு அட்டையை எடுத்தார்.

"மேசை. சுத்தத் தமிழ்ச் சொல்லு. பேரு வச்சதே நம்ம அரியலூர் ஆசாரிங்கதான்."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"சோழ ராசா மேசை போட்டுத்தான் சாப்புடுவாராம்."

வாத்தியாரின் நெற்றி சுருங்கியது.

"இனிமே டியூஷனுக்குப் புள்ளைங்க வந்தா நானே இப்படிச் சொல்லிக்குடுத்துடுறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"தப்பு."

தெரசம்மாள் தோல் உரிப்பதை நிறுத்தவில்லை. "என்ன தப்பு?"

"போர்... போர்த்..." உதடு கோணியது. கை காற்றில் துழாவியது. தன் நாக்கு நுனிவரை வந்த சொல்லைத் தெரசம்மாள் விழுங்கிக்கொண்டார்.

"கப்பல்" என்றார் வாத்தியார். மூச்சு வாங்கினார். "கப்பல்ல வந்துச்சு. போர்த்துக்கீசு."

"அப்ப அலமாரி?"

"அதுவும்."

"பீரோவாச்சும் நம்மளுதுங்களா?"

"பிரெஞ்சு... கழுத."

டியூஷன் பிள்ளைகளைத்தான் அப்படித் திட்டுவார், மனைவியைத் திட்டியதில்லை.

"சரிங்க சார்" என்று சொல்லி, தெரசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டில் படத்தை எடுத்தார். அதற்கு என்ன பொய் சொல்வதென்று உடனே தோன்றவில்லை.