யானை விரட்டும் வகுப்பு

இலங்கையின் லக்கலையில், காட்டை வெட்டிப் பயிரிட்ட ஒரு சேனையின் ஓரம். காவல் பரணில் ஏறி நிற்கும் வெள்ளைக்காரர்கள் அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகுகிறார்கள். யானை விரட்டும் கூப்பாடு இந்த ஊரின் மரபுச் சொத்தாம். பார்த்துவிட்டுப் போவது பழைய சுற்றுலா, கற்றுக்கொண்டு போவதே புதிய சுற்றுலா என்கிறது கீழே தொங்கும் பலகை.

கற்றுக்கொடுப்பவர் மாத்தளை டவுனிலிருந்து வரும் ரிஸ்வான் நானா. கத்தியவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, வேலியோரம் பூசணிக்காய்களை உடைத்துப் போடுகிறார்.

"இது என்னத்துக்கு நானா?" வேடிக்கை பார்க்க வந்த நான் கேட்கிறேன்.

"யானை வரணுமே சேர். வராட்டி இவங்க எதை வெரட்டுறது?"

"பக்கத்துக் காணியில சோளம் நிக்குதே?"

"அது நம்ம புரோகிராம்ல இல்ல சேர்."

பொழுது சாயும் நேரம் யானை வந்தேவிடுகிறது. பூசணியைத் தின்று முடித்து, பரணை ஏறிட்டும் பாராமல், பக்கத்து வேலியை முறித்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்குகிறது. அந்தக் காணிக்காரர் வெறும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறார். அவர் மனைவி பற்றவைத்த யானை வெடி புஸ்ஸென்று அணைகிறது. அவர் கத்துகிறார், பாதியில் குரல் உடைந்து, கெஞ்சுவதுபோல் ஆகிறது. யானை நிதானமாகத் தின்கிறது.

பரணில் ஒரே கைதட்டல். எல்லோரும் போனில் படம் பிடிக்கிறார்கள்.

நானா மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

"சரியில்ல சேர். மனுசன் பயந்துபோய்க் கத்துறாரு. நாளைக்கு வகுப்புக்கு வரச் சொல்லணும்."