அப்பாவுக்காக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

அப்பாவுக்கு இனி மருந்தில் ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய வாரம், நான் திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்து மதர்போர்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இதைக் கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

என் தம்பி மாட்டிக்கொண்டிருந்தான். அந்த வருஷங்களில் அங்கே கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன; அவனுடையதும் படுத்தது. வேறு வேலை கிடைத்து விசாக் காகிதம் கை மாறும்வரை அவன் அந்த நாட்டை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவன் போனில், எப்படியாவது வருகிறேன் என்று அழுதபோது அப்பா போட்ட அதட்டலில் கட்டிலே ஆடியது. "வரப்படாது. வந்தயானா உன் மூஞ்சியிலே முழிக்க மாட்டேன், கேட்டியா?"

போனை வாங்கி வைத்தேன். அப்புறம் என்னிடம், "அவனை ஒரு தடவை பாத்தாத் தேவலை" என்றார். அவ்வளவுதான். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. கஞ்சிகூடக் கேட்கவில்லை.

அக்கா, ஒரு கேமரா வாங்கி மாட்டிவிடு, என்கிட்டேயும் ஒன்று இருக்கிறது, இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தம்பிதான் வழி சொன்னான். எனக்குப் பாதி உயிர் வந்தது. வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே. அவன் காலேஜில் படிக்கும்போது சேர்த்த பழைய மெஷின். நான் அதில் ராத்திரி டைப் அடிப்பேன், எப்போதாவது அவனுக்கு மெயில் அனுப்புவேன். ஒரு கேமராவை மாட்ட எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்துப் போனேன்.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சந்நியாசி கதை எல்லோருக்கும் தெரியும். பூனைக்குப் பாலுக்குப் பசு, பசுவை மேய்க்க ஆள். அந்தக் கதை எனக்கு நடந்தது. கேமராவைச் செருக யூஎஸ்பி வேண்டும். எங்கள் போர்டில் அது இல்லை. போர்டை மாற்றினால் பழைய பிராசஸர் அதில் உட்காராது. ராமும் சேராது, புதுப்போர்டில் பள்ளமே வேறு. பழைய கேபினெட்டின் பவர் சப்ளை புதுப்போர்டுக்கு ஆகாது, ஆகவே கேபினெட். கீபோர்டின் பிளக் தடியாக உருண்டையாக இருந்தது, புதுப்போர்டில் துளை சின்னது. கடைசியில் மோடமும் செருக இடமில்லாமல் போயிற்று. மிஞ்சியது மானிட்டர் மட்டும். அதையும் ஏன் விட்டுவைக்கிறீர்கள், ஆற்றில் போட்டுவிடலாமே என்றேன் கடைக்காரரிடம்.

கடைக்காரர் என் வயதுக்காரர், மலையாளி, பேச்சில் குறைவைக்காதவர். எந்த உபயோகத்துக்கு என்றார். தம்பியைப் பார்க்க என்றேன். கேம் ஆடவா, டிடிபி வேலைக்கா என்று கேட்கத் தயாராக இருந்தவர் அந்தப் பதிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். பிறகு, இந்த பிராசஸர் எடுத்தால் அஞ்சு வருஷத்துக்கு மாற்ற வேண்டாம் என்றும், அந்த போர்டு எடுத்தால் பின்னால் ராம் கூட்டிக்கொள்ளலாம் என்றும் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி வைத்தார். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. எனக்கு ஒரு சாயங்காலம் ஓடினால் போதும் என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டிகளை அப்படியே வைத்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஐந்து வருஷப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆனாலும் லேசில் முடியவில்லை. கடையில் இருந்த போர்டு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு போர்டு எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டும் என்றார். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும். நான் ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்துப் போய் அந்த மாடிப்படியில் நிற்பேன். கீழே கோயிலில் பிள்ளையாருக்கு யாராவது தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாவும் அவருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பினால் அப்பா தலையைத் தூக்கி என் கையைப் பார்ப்பார். வெறும் கை. முதலில் உட்கார்ந்து பார்த்தவர், பிறகு தலையணையில் சாய்ந்து பார்த்தார், பிறகு கண்ணை மட்டும் திருப்பினார். அவரைத் தூக்கி உட்காரவைத்துத் துடைக்கும்போது முதுகெலும்பு என் கையில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். வாஷ்பேசினுக்கு மேலிருந்த கண்ணாடியை அம்மா என்றைக்கோ கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். முகச்சவரத்துக்கு வருகிற ஆளிடமும் கண்ணாடி காட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

போர்டு வந்தது துர்காஷ்டமி அன்று. கடைக்காரரே ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜைபோட்டுப் பூட்டினார். விண்டோஸ் ஏற்றி, டெலிபோன் ஒயரை மோடத்தில் செருகி, இணைப்பு கிடைக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கர்புர் சத்தம் கேட்டு அடங்கியதும், தம்பிக்கு அங்கே விடியட்டும், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றேன்.

"இன்னிக்குப் பூஜை வைக்கணும்" என்றார் அப்பா.

திருவனந்தபுரத்தில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அஷ்டமி சாயங்காலம் புஸ்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விடும். நவமி முழுக்க யாரும் ஒரு எழுத்துப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, வைத்ததைத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுப்போம். அப்பா அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டிய அத்தனை வருஷமும் நவமியன்று பேனாவைத் தொட்டதில்லை. புதிதாக வந்த மெஷினைப் பூஜையில் வைக்காமல் தொடுவதாவது. விஜயதசமியன்று நல்ல ஆரம்பமாக இருக்கட்டும் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். விஜயதசமிவரை இருப்பாரா என்பதை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. சமையலறைக்குள் போய், சாமி கோவித்துக்கொள்ளாது, நீயாவது சொல்லு என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றேன். அவர் சொன்னதற்கு மேலே நான் எப்போ சொல்லியிருக்கேன் என்று அவள் சந்தனத்தைக் கரைத்தாள். மேஜையை நகர்த்த முடியாதென்பதால் சரஸ்வதி படத்தை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். கேபினெட்டுக்கு மூன்று விரல் சந்தனம், குங்குமம், மேலே அவளுடைய பட்டுப்புடவை. கரண்ட் பிளக்கை ஞாபகமாக உருவினாள். புடவைக்கு உள்ளே போயிருந்த டெலிபோன் ஒயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நவமியன்று மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. ஐப்பசியில் துலாமாச இடி இந்த ஊரில் எப்படி இறங்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். முதல் முழக்கத்திலேயே எனக்கு மோடம் ஞாபகம் வந்தது. சுவர்ப்பெட்டியில் ஒயர் திருகாணியால் முறுக்கியிருந்தது. உருவக்கூடிய முனை புடவைக்கு உள்ளே, மெஷினின் முதுகில். ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார் அப்பா. அந்தக் குரலில் பழைய அப்பா இருந்தார்.

சின்னப் பெண்ணைப்போல் கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த இடி எங்கள் தெருவிலேயே விழுந்தது. பட்டுப்புடவைக்கு உள்ளேயிருந்து பட்டென்று ஒரு சின்னச் சத்தம், கூடவே ஒரு கருகல் வாசனை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சாகக் கிடக்கிற மனுஷன், உங்களுக்கு என்ன வீம்பு என்று கேட்க வாய் வரை வந்தது. கொல்லைப்பக்கம் போய் மழையில் நின்று அழுதேன்.

விஜயதசமி காலையில் அம்மா ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, அப்பாவின் விரலைப் பிடித்து இந்த ஊர் வழக்கப்படி ஹரிஸ்ரீ எழுதவைத்தாள். பாதியில் விரல் நின்றுவிட்டது. மீதியை அவளே இழுத்து முடித்தாள். புடவையை எடுத்து மெஷினைப் போட்டேன். ஓடியது. டயல் பண்ணினால் மட்டும் ஊமை. போனில் டோன் இருந்தது, மோடம் செத்திருந்தது.

ஓடினேன். முதல் நாள் இடியில் ஊர் முழுக்க மோடம் போயிருந்தது; கடை திறப்பதற்கு முன்பே ஆட்கள் நின்று, இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாலைக் கம்போளக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு கடை, ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு கடை, எங்கேயும் இல்லை. நாளைக்கு, மறுநாள் என்றார்கள். திரும்ப அந்த மாடிக்கடைக்கே போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பில் போடுகிற தம் மெஷினைத் திறந்து அதிலிருந்த மோடத்தைக் கழற்றினார். "சேச்சி கொண்டுபொய்க்கோ" என்று என் கையில் வைத்தார்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தம்பி வந்தான். மானிட்டரில் முதலில் ஒரு சட்டைக் காலர், பிறகு கட்டம் கட்டமாக ஒரு கன்னம், பிறகு முழு முகம். தாடி விட்டிருந்தான். மெலிந்திருந்தான். மைக்கில் ஃபேன் சத்தம்தான் கடக் கடக் என்று கேட்கிறது, அந்தப் பழைய ஃபேனை இன்னும் மாற்றவில்லையா என்றான். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அப்பாவைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் கண் அந்த முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

அப்புறம் அந்தக் கண் நகர்ந்தது.

"மூலையிலே அது யாரு?" என்றார்.

திரையின் கீழ்மூலையில் சின்னதாக ஒரு கட்டம். எங்கள் கேமரா காட்டுவது அதில் தெரிந்தது. அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். மூலையில் இருந்தவரும் தூக்கினார்.

"அவனுக்கு இதுவா தெரியறது?"

"ஆமாம்ப்பா."

"துண்டை எடுத்து அதும்மேலே போடு."

போட்டேன். கேமராமேல் துண்டைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பிள்ளையைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார். அதற்குப் பிள்ளையிடம் கேமரா இருந்தால் போதும். நம் வீட்டுக் கேமரா அவரைக் காட்டத்தான். டெலிபோன்போல இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஆகும் என்று நினைத்து, கேமராவுக்கு போர்டு, போர்டுக்கு ராம் என்று அலைந்தேனே, அந்தப் பழைய மெஷினே திக்கித் திணறியாவது இந்த முகத்தைக் காட்டியிருக்கும். அதுவும் அவர் எழுந்து உட்கார்ந்திருந்த நாட்களிலேயே. அட பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

திரையில் தம்பி கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தான். "அப்பா, ஒண்ணும் தெரியலையே. இருட்டா இருக்கே."

எனக்குத் தெரிந்து பொய் சொல்லாத அப்பா, மைக் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இங்கே கரண்ட் போயிடுத்துடா" என்றார்.

எங்கள் தலைக்கு மேலே ஃபேன் கடக் கடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வாயைத் திறந்தான், மூடினான். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

"சரிப்பா" என்றான். "கரண்ட் வந்தப்புறம் பாத்துக்கறேன். நீங்க என்னைப் பாருங்கோ."

பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியும் முகத்தை அசைக்காமல் கேமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்குக் கழுத்து நிற்காமல் போனபோது நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.